ஒன்பது பேர் மூச்சும் ஆபரேட்டர் பதினாலும்

1

நாங்கள் ஜெர்மனிக்கு வந்து பதினோரு வருடம் முடிந்த வாரத்தில் ஒரு கடிதம் வந்தது. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பை நிர்வகிக்கும் நிறுவனம் அனுப்பியிருந்தது. முகவரி மட்டும் தெரியும்படி சின்ன ஜன்னல் வைத்த வெள்ளை உறை. இந்த நாட்டில் ஜன்னல் வைத்த உறைக்குள் நல்ல செய்தி வந்து நான் பார்த்ததில்லை.

எனக்கு ஜெர்மன் தெரியும். மெஷின், எண்ணெய், சூடு, அதிர்வு என்று எதைப் பற்றிக் கேட்டாலும் பேசுவேன். ஆனால் இங்கே அலுவலகங்கள் எழுதுகிற ஜெர்மன் வேறு ஜாதி. முதல் வரியில் கிளம்பிய வாக்கியத்துக்கு ஐந்தாவது வரியில்தான் வினைச்சொல் கிடைக்கும். நம் தமிழிலும் வினை கடைசியில்தான் வரும் என்றாலும் இவ்வளவு காக்க வைக்காது. அதனால் இப்படிக் கடிதம் வந்தால் மகளிடம் கொடுத்துவிடுவது வழக்கம். தாரிணிக்குப் பத்து வயது. இங்கேயே பிறந்தவள்.

சோபாவில் படுத்தபடியே இரண்டு பக்கத்தையும் படித்தாள். பிறகு சொன்னாள்:

"அம்மா, நம்ம வீட்டுல ஒன்பது பேர் மூச்சு பண்றாங்களாம்."

"மூச்சு விடறாங்க" என்று திருத்தினேன். திருத்தி முடித்த பிறகுதான் விஷயம் உறைத்தது.

போன இலையுதிர் காலத்தில் எல்லா வீட்டுக் கூடத்திலும் சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு வெள்ளைப் பெட்டியைப் பொருத்தினார்கள். அறையின் சூடு, ஈரப்பதம், மூச்சில் வெளியாகும் கரியமில வாயு எல்லாவற்றையும் அது அளந்துகொண்டே இருக்கும். சுவரில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க, வெப்பமூட்டும் செலவு குறைய என்று காரணம் சொன்னார்கள். அளந்ததை ஒரு கணினி மாடல் கற்றுக்கொண்டு, வழக்கத்துக்கு மாறாக எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று சொல்லும். எங்கள் வீட்டைப் பற்றி அது சொன்னது: பதிவு செய்தவர்கள் மூன்று பேர், சனிக்கிழமை மாலை மூச்சு விடுகிறவர்கள் ஏறக்குறைய ஒன்பது பேர், ஈரப்பதமும் அதிகம். அனுமதியில்லாமல் உள்வாடகைக்கு விட்டிருக்கிறீர்களா? பதினான்கு நாளில் விளக்கம் தரவும். தவறினால் வாடகை ஒப்பந்தம் மறுபரிசீலிக்கப்படும்.

இந்த வீடு கிடைக்க எட்டு மாதம் அலைந்தோம். கடைசி வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன்.

கணவர் வெங்கடேஷ் ஓசூர்க்காரர், வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பம். எதற்கும் பதறமாட்டார். விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்.

"யாழ்ப்பாணத்து அண்ணன் வீட்ல நாலு பேரு. திருநெல்வேலிக்காரரும் அவர் பொண்ணும் ரெண்டு. நாம மூணு. ஒன்பது. கரெக்டா எண்ணியிருக்குதே. உன் மாடல்கூட இவ்ளோ கரெக்டா சொல்லாது."

சனிக்கிழமைதோறும் எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு. நான்தான் டீச்சர். வகுப்பு முடிந்ததும் இரண்டு பானை இட்லி. பாடத்துக்கு வருகிற பிள்ளை யாரும் இல்லை, இட்லிக்கு வருகிறார்கள் என்பது பெட்டிக்குத் தெரிய வாய்ப்பில்லை.

2

வெங்கடேஷ் என் மாடலை இழுத்ததற்குக் காரணம் உண்டு. நான் பார்க்கிற வேலையும் அதுதான்.

ஊருக்குப் போனால் எல்லோரும் கேட்பார்கள், "அங்க என்னம்மா வேலை?" மெஷினுக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிற வேலை என்பேன். தொழிற்சாலை இயந்திரங்களில் சின்ன அதிர்வு சென்சாரை ஒட்டிவிடுவோம். நொடிக்கு ஆயிரக்கணக்கான அளவுகள் வந்து விழும். மூன்று வாரம் அதைக் கேட்டு, இந்த மெஷினுக்கு எது இயல்பு என்று மாடல் கற்றுக்கொள்ளும். பிறகு இயல்பு தப்பினால் திரையில் மஞ்சள் பட்டை வரும். அந்தப் பட்டையின் மேல் ஜெர்மனில் 'அவுஃப்ஃபெலிக்' என்று எழுதியிருக்கும். வழக்கத்துக்கு மாறானது, கண்ணை உறுத்துவது என்று பொருள். அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்த கூட்டத்தில் நானும் இருந்தேன். 'பழுது' என்பது கடுமையாக இருக்கிறது, இது மென்மையாக இருக்கிறது என்று கையைத் தூக்கினேன்.

வீட்டுக்கு வந்த கடிதத்திலும் அதே சொல்தான். எங்கள் வீட்டு மூச்சு அவுஃப்ஃபெலிக். படிக்கும்போது மென்மையாக இல்லை.

எங்கள் வாடிக்கையாளர்களில் ஓசூரில் ஒரு தொழிற்சாலையும் இருக்கிறது. வண்டிகளுக்கான ஷாஃப்ட் செய்கிறார்கள். நானும் டிப்ளமா முடித்துவிட்டு அதே ஊரில் வேறொரு கம்பெனியில் மூன்று வருடம் தரப் பரிசோதனையில் நின்றவள், மூக்கண்டப்பள்ளியில் வளர்ந்தவள் என்பதால் அந்தக் கணக்கை என்னிடம் கொடுத்திருந்தார்கள். அங்கே ஒரு கிரைண்டிங் மெஷின் இரண்டாம் ஷிப்டில் மட்டும் விடாமல் மஞ்சள் காட்டியது. அந்தப் பிரிவைப் பார்க்கிற சூப்பர்வைசர் மஞ்சுநாத். அத்திப்பள்ளியிலிருந்து தினமும் மாநில எல்லை தாண்டி வருகிறவர். ஆபரேட்டர் வாரியாக ரிப்போர்ட் வேண்டும் என்று இரண்டு மாதத்துக்கு முன் கேட்டிருந்தார். ஒரு பட்டனை அழுத்தினால் வருவது. அழுத்தி அனுப்பினேன். மஞ்சள் பட்டைகளில் பெரும்பகுதி ஆபரேட்டர் 14 வேலை செய்யும் நேரத்தில் வந்திருந்தது. அதோடு அதை மறந்தேன்.

கடிதம் வந்த அதே வாரம் மஞ்சுநாத்தின் மின்னஞ்சலும் வந்தது. 'தங்கள் ரிப்போர்ட் அடிப்படையில் ஆபரேட்டர் 14-ஐ நிரந்தரமாக்கும் உத்தரவு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. அவர் மெஷினைக் கெடுக்கிறார் என்று எழுத்தில் உறுதி செய்தால் அவருடைய ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள வசதியாக இருக்கும்.'

நான் பதில்கூட எழுதிவிட்டிருந்தேன். 'தரவு அதையே காட்டுகிறது' என்று ஒரு வரி. அனுப்பும் முன் சமையலறைக்குப் போனேன். மேஜைமேல் ஜன்னல் வைத்த உறை கிடந்தது. எங்கள் வீட்டைப் பற்றியும் எங்கோ ஒருவர் இதே வரியைத்தான் எழுதியிருப்பார் என்று தோன்றியது.

மின்னஞ்சலை அழித்துவிட்டு ஓசூருக்குப் போன் போட்டேன்.

3

எனக்குக் காலை வேளை. அங்கே இரண்டாம் ஷிப்ட் ஆரம்பிக்கிற நேரம்.

"மேடம், ஒரு லைன் போட்டீங்கன்னா போதும், கன்ஃபர்ம்னு" என்றார் மஞ்சுநாத்.

"அந்த ஆபரேட்டர்கிட்ட அஞ்சு நிமிஷம் பேசணும் சார்."

"அவங்ககிட்ட பேச என்ன மேடம் இருக்குது? டேட்டா உங்ககிட்டதானே இருக்குது."

"இருந்தாலும் பேசணும்."

மஞ்சுநாத் கன்னடத்தில் சரி என்றார். "ஆய்த்து மேடம். இன்னைக்கு ராயக்கோட்டை பஸ் வேற லேட்டு. சானமாவுகிட்ட யானை ரோட்டைத் தாண்டுதாம், பாதிப் பேர் இன்னும் வரலை. இந்தப் பொண்ணு மூக்கண்டப்பள்ளியிலேர்ந்து நடந்தே வந்துடும். இருக்காங்க. வீடியோல வாங்க."

திரையில் தொப்பிக்குள் முடியை அடக்கி, கண்ணாடி போட்ட ஒரு பெண் தெரிந்தாள். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கலாம். பெயர் நாகவேணி என்றாள். அதுவரை எனக்கு அவள் ஒரு எண்.

"நானும் மூக்கண்டப்பள்ளிதான் நாகவேணி. பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி தெரு."

"அப்படீங்களா? எனக்குச் சிங்காரப்பேட்டைங்கக்கா. இங்க மூணு பேரு சேந்து ரூம் எடுத்து இருக்கறோம்." மேடம் அக்காவாக மாற ஓர் ஊர்ப்பெயர் போதுமானதாக இருந்தது.

"பதினஞ்சு பீசுக்கு ஒருக்கா மெஷின்ல வேற மாதிரி அதிர்வு வருது. அப்ப என்ன பண்றீங்க?"

அவள் மஞ்சுநாத்தைப் பார்த்தாள். மஞ்சுநாத் கூரையைப் பார்த்தார்.

"வீலை டிரஸ் பண்றதுங்க. தப்புங்களா?"

ஷாஃப்டைத் தேய்க்கிற கல் சக்கரம் ஓட ஓட மழுங்கிப்போகும். வைர முனையை அதன்மேல் ஓட்டி மறுபடி கூர் ஏற்ற வேண்டும். அதைத்தான் டிரஸ் பண்ணுவது என்பார்கள். அந்தத் தொழிற்சாலையில் நாற்பது பீசுக்கு ஒருமுறை என்று பழக்கம்.

"மத்தவங்க நாப்பதுக்குத்தானே பண்றாங்க?"

"ஆமாங்க்கா. இப்ப வர்ற இரும்பு கொஞ்சம் கெட்டிங்க, நாப்பது தாங்காது. ஸ்ஸுனு ஒரே சீரா ஓடிட்டிருந்தா பரவால்ல. கீச்சுனு ஒரு இழு இழுத்தா வீல் மழுங்கிடுச்சுன்னு அர்த்தம். அதுக்கு மேல ஓட்டினா ஷாஃப்ட் எரிஞ்சு கருத்துடும். அண்ணனுங்க கருத்ததை ரீவொர்க்குக்குத் தள்ளி விட்ருவாங்க. எனக்கு அது பிடிக்காதுங்க."

"வீல் சீக்கிரம் தேஞ்சு போகும் மேடம்" என்று மஞ்சுநாத் குறுக்கிட்டார்.

"ரிஜெக்ஷன் எந்த ஷிப்ட்ல கம்மி சார்?"

"அது குவாலிட்டி ரிஜிஸ்டர்ல பாக்கணும்."

நான் மூன்று வருடம் எழுதிய மாதிரியான ரிஜிஸ்டர். அது பத்தடி தள்ளி ஒரு மேஜைமேல் கிடந்திருக்கும். என் மாடல் நொடிக்கு ஆயிரம் தடவை மெஷினைத் தொட்டுப் பார்த்தது. அந்த நோட்டை ஒரு தடவையும் திறந்து பார்க்கவில்லை. பார்க்கும்படி நான் சொல்லவும் இல்லை.

"அக்கா, இதெல்லாம் எதுக்குக் கேக்கறீங்க?"

சொன்னேன். மஞ்சள் பட்டை, ரிப்போர்ட், ஆபரேட்டர் 14. அவள் கண்ணாடியைக் கழற்றினாள்.

"எம்பேர்ல ரிப்போர்ட்டுங்களா? அதனாலதான் ஆர்டர் வரலைங்களா?" கழற்றிய கண்ணாடியைத் துடைத்தாள். "எங்கக்கா கல்யாணத்துக்கு நாலு நாள் லீவு போட்டேன். அதனாலதான் நிறுத்திட்டாங்கன்னு நெனச்சிட்டிருந்தேங்க்கா. உன் கல்யாணத்தால என் வேலை போச்சுன்னு அவகிட்ட சண்டை போட்டு, ரெண்டு மாசமா பேசறதில்லை."

நான் மன்னிப்புக் கேட்டேன். இரைச்சலில் கேட்டதோ இல்லையோ, மெஷின் காத்திருக்கிறது என்று போய்விட்டாள்.

4

அடுத்த வாரம் குடியிருப்பு அலுவலகத்தில் எனக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். துணைக்குத் தாரிணியையும் கூட்டிப் போனேன். எங்கள் கோப்பைப் பார்க்கிற ஃப்ராவ் கெல்லர் ஐம்பது வயதுப் பெண்மணி, மேஜையில் கள்ளிச்செடி வைத்திருந்தார், நல்ல மனிதர்.

முதல் வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். சனிக்கிழமைதோறும் எங்கள் வீட்டுக்கு விருந்தினர் வருகிறார்கள், மூன்று பெரியவர்கள், மூன்று குழந்தைகள். நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்.

ஃப்ராவ் கெல்லர் எழுதுவதை நிறுத்தினார். "குழந்தைகளை வைத்தா?" என்றார்.

"ஆமாம், குழந்தைகளுக்காகத்தான் முக்கியமாக."

தாரிணி என் முழங்கையை இடித்தாள். "அம்மா, விருந்தினர்னா பெஸூக். நீ ஃபெர்ஸூக்னு சொல்லிட்ட. ஒவ்வொரு சனிக்கிழமையும் நம்ம வீட்டுல ஆறு பேரை வெச்சுப் பரிசோதனை பண்றோம்னு இவங்ககிட்ட சொல்லியிருக்க."

பிறகு அவளே முன்னால் நகர்ந்து பேச ஆரம்பித்தாள். தமிழ் வகுப்பு, இட்லிப் பானை, ஆவி எல்லாவற்றையும் கைகளால் காட்டி விளக்கினாள். ஃப்ராவ் கெல்லர் சிரித்தார். தாரிணியும் சிரித்தாள். இரண்டு ஜெர்மன்காரர்கள் சேர்ந்து, வழி தெரியாத ஒரு வெளிநாட்டுக்காரிக்கு உதவுவது போலிருந்தது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. என் நாற்காலி மட்டும் கொஞ்சம் தள்ளிப்போன மாதிரி இருந்தது. நான் அவளுக்கு 'மூச்சு விடு' என்று திருத்துகிறேன். அவள் எனக்கு மிச்சம் எல்லாவற்றையும் திருத்துகிறாள்.

கடைசியில் நான் ஒன்று கேட்டேன். இதற்கு வேண்டிய ஜெர்மன் எனக்கு நன்றாகவே வரும். "எது இயல்பு என்று உங்கள் மாடல் எங்கிருந்து கற்றுக்கொண்டது?"

"மற்ற வீடுகளிலிருந்து."

எங்கள் கட்டடத்தில் பாதி வீட்டில் தனியாக இருக்கும் முதியவர்கள். சனிக்கிழமை மாலை அங்கே ஒருவர் மூச்சு விடுவார், தொலைக்காட்சி பேசும்.

"கணினி யாரையும் குற்றம் சொல்லவில்லை, கவனத்துக்குக் கொண்டுவருகிறது, அவ்வளவுதான்" என்றார் ஃப்ராவ் கெல்லர் ஆறுதலாக. எங்கள் நிறுவனத்தின் விளம்பரக் கையேட்டில் கிட்டத்தட்ட இதே வாக்கியம் உண்டு. எழுதியது நான்.

விசாரணை முடிந்தது. தவறாமல் வருகிற விருந்தினர்களை அறிவிக்க மூன்று பக்கப் படிவம் கொடுத்தார்கள். அரை மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் எல்லா ஜன்னலையும் திறந்து வைக்கும்படி அறிவுரையும் சொன்னார்கள். இப்போது உயிர்மெய் எழுத்துகளைக் குளிர்கோட்டு போட்டுக்கொண்டு நடத்துகிறோம்.

5

ஓசூர் விஷயத்துக்கு அவ்வளவு எளிதாகப் படிவம் கிடைக்கவில்லை.

குவாலிட்டி ரிஜிஸ்டரின் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி மஞ்சுநாத்தை நச்சரித்தேன். நான்கு நாள் கழித்து வந்தன. நாகவேணி நின்ற ஷிப்டில்தான் ரிஜெக்ஷன் மிகக் குறைவு. மாடல் கற்றுக்கொண்ட மூன்று வாரத்தில் அவள் அந்த மெஷினுக்கே வரவில்லை. நாற்பது பீசுக்கு ஒருமுறை கூர் ஏற்றுகிறவர்களை மட்டும் கேட்டுவிட்டு, மெஷின் என்றால் இப்படித்தான் ஓடும் என்று அது முடிவு கட்டியிருக்கிறது. ஏதோ வித்தியாசமாக நடக்கிறது என்று கண்டுபிடித்தவரை சரி. அந்த வித்தியாசம் நல்ல வேலை என்பதை அதற்குச் சொல்ல ஆளில்லை.

இதை எழுதி அனுப்பப்போகிறேன் என்றதும் என் மேலாளர் ஸ்டெஃபான் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நம் மாடல் தவறு என்று வாடிக்கையாளருக்கு நாமே எழுதுவதா?"

"மாடல் கேட்டதைச் சொன்னது. யாரைக் கேட்க வேண்டும் என்பதில் நான்தான் தவறு செய்தேன்."

"அதை இன்னும் மோசமாக எடுத்துக்கொள்வார்கள்."

அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த லைனுக்கும் சென்சார் வாங்குவதாக இருந்ததைத் தள்ளிப்போட்டார்கள். அலுவலகத்தில் ஒரு மாதம் என்னிடம் வானிலை பற்றி மட்டும் பேசினார்கள். மஞ்சுநாத் போனில், "எங்க மேனேஜ்மென்ட்கிட்ட என்னைத்தான் மேடம் மாட்டி விட்டுட்டீங்க" என்றார். ஆனால் நான் திருத்தி எழுதியதை மேலே அனுப்பியதும் அவர்தான். அனுப்பாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஐந்து வாரம் கழித்து நாகவேணிக்கு நிரந்தர உத்தரவு வந்தது.

டிசம்பரில் விடுமுறைக்குப் போனபோது தொழிற்சாலைக்குப் போனேன். டீ நேரத்தில் கேன்டீனில் நாகவேணி எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். எங்கள் வீட்டு மூச்சுக் கதையைச் சொன்னேன். குழந்தைகளை வைத்துப் பரிசோதனை என்ற இடத்தில் சிரித்துச் சிரித்து டீ சிந்திவிட்டது. கைக்குட்டையால் மேஜையைத் துடைத்தபடி கேட்டாள்:

"அந்த லெட்டர் வந்ததும் எத்தனை நாள் டைம் குடுத்தாங்கக்கா?"

"பதினாலு நாள்."

"நேர்ல வரச் சொன்னாங்க."

"ஆமா."

"பரவால்லக்கா" என்றாள். "உங்களைக் கேட்டாங்க."

குத்திக்காட்டும் குரலில் சொல்லவில்லை. வீல் மழுங்கிவிட்டது என்று சொல்வாளே, அதே குரல். நான் டீ டம்ளரைத் தள்ளி வைத்தேன். பேச்சை மாற்றி, அக்காவோடு பேசுகிறாயா என்று கேட்டேன். பேசுகிறாளாம். ஆனால் தங்கையின் வேலை நின்றதற்குத் தன் கல்யாணம் காரணமில்லை என்று தெரிந்த பிறகு அக்கா போனில் ஒரே அதிகாரமாம்.

திரும்பி வந்து இரண்டு மாதம் ஸ்டெஃபானோடு மல்லுக்கட்டினேன். இனிமேல் மஞ்சள் பட்டை வந்தால் அந்த மெஷினில் நிற்கிறவர் என்ன நடந்தது என்று தன் மொழியில் எழுத ஒரு கட்டம் இருக்கும். அது நிரம்பாமல் ஆள் வாரியான ரிப்போர்ட் எடுக்க முடியாது. முதலில் முடியாது என்ற ஸ்டெஃபான், இப்போது அதற்கு நீளமான ஒரு பெயர் வைத்துப் புதிய வசதி என்று விற்கிறார். மூன்று வாடிக்கையாளர்கள் கேட்டிருக்கிறார்களாம்.

போன திங்கட்கிழமை ஓசூரிலிருந்து முதல் பதிவு வந்தது. ஸ்டெஃபான் அதை மொழிபெயர்ப்பு மென்பொருளில் போட்டுப் பார்த்துவிட்டு, குழம்பிப்போய் என் மேஜைக்கு வந்தார். கடைசி வாக்கியம் என்ன தொழில்நுட்பச் சொல் என்று கேட்டார். திரையில் நாகவேணி எழுதியிருந்தது:

'வீல் கத்துச்சு. டிரஸ் பண்ணிட்டேன். இப்ப நல்லா ஓடுது. டீக்குப் போறேன்.'

"எல்லாம் இயல்பாக இருக்கிறது என்று அர்த்தம்" என்றேன். தலையாட்டிவிட்டுக் குறித்துக்கொண்டு போனார்.